செம்மல் செய்த கோணல் சைக்கிள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கம்.

கருவடிக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மழை பெய்து ஓய்ந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரு பெண்மணி சைக்கிளில் போனார். பின்னால் கேரியரில் அலுமினிய அன்னக்கூடை, அதன்மேல் ஈரச் சாக்கு, மீன் வாசனை. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஈர ரோட்டில் அந்தச் சைக்கிள் இரண்டு கோடுகள் போட்டுக்கொண்டு போனதுதான் கண்ணில் பட்டது. ஒழுங்கான சைக்கிள் நேராகப் போனால் ஒரே கோடுதான் விழும். முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரமும் போகும். இவருடையது இரண்டு, இரு விரல் இடைவெளியில், தெருமுனை வரைக்கும் சேராமல். ஆனால் அந்த அம்மா ஆடவில்லை, அசையவில்லை. ஒரு கையை எடுத்துத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டுகூடப் போனார்.

அவ்வளவுதான் நான் பார்த்தது. மீதி எல்லாம் புளுகு.

புளுகுக்கும் ஒரு முதல் வாக்கியம் வேண்டுமே. அதற்கு நான் பட்ட பாட்டைக் கொஞ்சம் பாருங்கள்.

"வங்கக் கடலின் மேல் சூரியன் —" (வேண்டாம். புதுச்சேரியைப் பற்றி எழுத உட்காருகிறவன் எல்லாம் கடலில்தான் ஆரம்பிக்கிறான். இந்தக் கதையில் கடல் மீனாக மட்டும்தான் வரும்.)

"செம்மலின் கையில் நீல நிறத்தில் எரிந்த சுடர் —" (இதுவும் வேண்டாம். நெருப்பில் ஆரம்பித்தால் அந்த மனிதரை முனிவர் ஆக்கிவிடுவேன். அவர் டீயில் சர்க்கரை குறைந்தால் கிளாசைத் திருப்பி அனுப்புகிற ஆள்.)

"சைக்கிள் பிரேம் செய்வது என்பது ஒரு" (இங்கேயே பேனாவை மூடினேன். அந்த 'ஒரு'வுக்குப் பிறகு என்ன வரும் என்று உங்களுக்கும் தெரியும்.)

2

ஆகவே சும்மா சொல்கிறேன். செம்மல் சைக்கிள் பிரேம் செய்கிறவர். சக்கரம், செயின், பெடல், பிரேக் எல்லாம் வெளியே வாங்குவது. நடுவில் இருக்கும் எலும்புக்கூடு மட்டும் அவர் கைவேலை. எஃகுக் குழாயை அளந்து அறுத்து, முனையை அரத்தால் ராவி, ஒன்றோடொன்று பொருத்திப் பித்தளையை உருக்கி ஒட்டுவார். அதை வெல்டிங் என்று நீங்கள் சொன்னால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

நாற்பத்தைந்து வயது. அப்பா பஞ்சாலையில் இருந்தவர். ஆலையை மூடிய பிறகு குடும்பம் கண்ட வேலையையும் செய்தது. செம்மல் ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே இருந்தபோது ஒரு வெள்ளைக்காரர் உடைந்த சைக்கிள் பிரேம் ஒன்றை ஒட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். ஒட்டிக் கொடுத்த கையோடு இவரும் அதேபோல் ஒன்றைச் செய்து பார்த்தார். அது இன்னமும் பட்டறைக் கூரையில் தொங்குகிறது. அதை யாரும் ஓட்டக்கூடாது, தானும் உட்பட.

இருபத்திரண்டு வருஷத்தில் அறுபது பிரேம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று நினைக்காதீர்கள். நானும் நினைத்தேன், அவரிடம் கேட்டும் தொலைத்தேன். "நீங்க எத்தினி கதை எழுதியிருக்கீங்க?" என்றார். பேச்சை மாற்றினேன்.

பட்டறை கருவடிக்குப்பத்தில் ஒரு சொல்தா வீட்டின்* பக்கத்தில் தகரம் போட்ட நீளமான இடம். தெருவைப் பார்த்த பாதியில் அவர் மனைவி ஆதிலட்சுமியின் தையல் கடை. உள்பாதியில் இவர். நடுவில் ஒரு திரை.

(* பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவரைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். இந்த வீட்டுக்காரர் சைக்கிளை 'வெலோ' என்பார். அதற்காகவே முதல் வரைவில் அவரை உள்ளே விட்டேன். ஒரு பக்கம் பேசினார். வெளியே அனுப்பிவிட்டேன்.)

திரைக்கு ஒரு காரணம் உண்டு. பிரேம் என்பது ஆளின் உடம்புக்குச் செய்வது. வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நிற்கவைத்து, தொடைகளுக்கு நடுவே ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை அழுத்தி, அது நிற்கும் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறிக்க வேண்டும். பிறகு கை, தோள், முதுகு. ஆம்பிளைகளுக்கு செம்மல் எடுப்பார். பெண்கள் வந்தால் திரைக்கு அந்தப் பக்கம் ஆதிலட்சுமி எடுத்து எண்ணைச் சொல்ல, இந்தப் பக்கம் இவர் எழுதிக்கொள்வார். சென்னையிலிருந்து வருகிற கார்க்காரர்களைக் கூட மூன்று தரம் அளப்பார். வாய்வழியாகச் சொல்லும் உயரத்தை நம்பவே மாட்டார். மனுஷன் தன் உயரத்தைச் சொல்லும்போது ஒரு அங்குலம் கூட்டாமல் சொன்னதாகச் சரித்திரமே இல்லையாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒட்டி முடித்த பிரேமை கருங்கல் மேஜைமேல் வைத்து நூல் பார்ப்பார். பின் சக்கரம் மாட்டும் ஒரு முனையில் நூலைக் கட்டி, முன்னால் கைப்பிடிக் குழாயைச் சுற்றி வந்து மறுமுனையில் கட்டுவது. நடுவில் சீட்டுக்குழாய் நிற்கும். அதிலிருந்து இந்தப் பக்கத்து நூலுக்கும் அந்தப் பக்கத்து நூலுக்கும் ஒரே இடைவெளி இருந்தால் பிரேம் நேர். அரை மில்லி வித்தியாசம் என்றால் திருத்துவார். ஒன்றரை மில்லி வித்தியாசம் வந்த ஒன்றை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்துப் போட்டிருக்கிறார். நேராக இருந்தால்தான் பெடலுக்கு அடியில் வரிசை எண்ணைக் குத்துவார். அந்த எண்தான் அவருடைய பெயர் மாதிரி.

3

இப்போது மீன்காரம்மா வர வேண்டும்.

அவருக்கு அன்புசெல்வி என்று பெயர் வைத்தேன். நாற்பத்தெட்டு வயது. மீனவக் குடும்பம். விடியக் காலையில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் போட்டுக் கட்டி, ஊரைக் குறுக்கே கடந்து வடக்கே கருவடிக்குப்பம் வந்து தெருத் தெருவாக விற்பவர். படித்துப் பார்த்த பதிப்பாளர், "மீன் விக்கிற அம்மா சைக்கிள்லயா? ஆட்டோவுல இல்ல வருவாங்க?" என்றார். நியாயமான சந்தேகம். நான் கண்ணால் பார்த்தேன் என்றேன். பார்த்தது எல்லாம் கதைக்கு உதவாது என்றார். அதுவும் நியாயம்தான். ஆனாலும் அவர் சைக்கிளில்தான் வருகிறார், என்ன செய்வது.

அவசரத்துக்குக் காரணம் பலராமன். பலராமன் மீன் வேன் வைத்திருக்கிறார், ஒலிபெருக்கி கட்டியது. சரியாக எட்டு மணிக்குத் தெருவுக்குள் நுழையும். அதற்கு முன்னால் அன்புசெல்வி வந்துவிட்டால் முப்பது வீடு அவருக்கு. எட்டு அடித்துவிட்டால் முப்பது வீடும் வேனுக்கு. ஆட்டோ பிடித்து, இறங்கி, கூடையை இடுப்பில் வைத்து நடந்து வந்தால் எட்டரை ஆகிவிடும். சைக்கிள் இருந்தால் பிழைப்பு உண்டு, இல்லையென்றால் இல்லை.

அந்தச் சைக்கிள்தான் பெடலுக்குப் பக்கத்தில் மூன்றாவது தடவையாக விரிசல் விட்டது. வெல்டிங் கடைக்காரர் இனி இதைத் தொடமாட்டேன் என்று கையை விரித்துவிட்டார். அன்புசெல்வி வந்து செம்மல் பட்டறை வாசலில் கூடையை இறக்கினார். முதலில் ஆதிலட்சுமிக்கு சங்கரா மீன் எடுத்துப் போட்டார். பிறகுதான் பேச்சு.

"செம்மலு, எனக்கு ஒரு வண்டி செஞ்சு குடு."

"கடையில ரெடியாவே இருக்குதேக்கா. என்னாத்துக்கு என்கிட்ட?"

"வாங்கிப் பாத்துட்டேன். ஒத்து வரல. தங்கச்சி மவளுக்குக் குடுத்துட்டேன்."

"சரி, உள்ள போ. லட்சுமி அளவெடுப்பா."

"எனக்கு எதுக்கு அளவு? ரவிக்கைக்கு அளவு ரவிக்கை குடுக்கறேன் இல்ல? அதுமாரி இந்த வண்டிய அளவுக்கு வெச்சுக்க. இதேமாரி ஒண்ணு செய்யி."

செம்மல் சிரித்தார். சரி என்றார்.

(காசு விஷயத்தை இருவரும் பேசிக்கொண்டார்கள். என்னிடம் சொல்லவில்லை.)

கதையில் நடந்த தப்பு இதுதான். ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. உடம்பை அளக்காமல் ஒரு பிரேமும் செய்யாத ஆள், இந்த ஒருவரை அளக்கவில்லை. பத்து வருஷமாகத் தினமும் பார்க்கிற மீன்காரம்மா, அவரைப் போய் என்ன அளப்பது என்று விட்டுவிட்டார். தெரிந்தவர்களை நாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

பழைய சைக்கிளைக் கருங்கல்லில் வைத்து நூல் பார்த்தார். ஒரு பக்கம் நாற்பத்தெட்டு மில்லி, மறுபக்கம் ஐம்பத்தேழு. காரணம் தெருவுக்கே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஈசிஆர் திருப்பத்தில் ஒரு பால் வேன் இடது பக்கமாக வந்து மோதியது. அன்புசெல்வி இடுப்பில் கட்டோடு இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆறு வாரம் அசையக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். இவர் மூன்றாம் வாரமே கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு யாவாரத்துக்குக் கிளம்பிவிட்டார். யார் கேட்டாலும் ஒரே பதில்தான். "அடி வாங்கினது வண்டிதான். எனக்கு ஒண்ணும் ஆவல." ஒன்பது வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

4

செம்மல் நல்ல மனதோடுதான் செய்தார். புடவை தடுக்காமல் ஏறி இறங்க நடுக்குழாயைத் தாழ்த்தினார். கூடைக்காகக் கேரியரைப் பிரேமோடு சேர்த்தே ஒட்டினார். நீளம், உயரம் எல்லாம் அளவுக்கு வந்த வண்டிப்படியே வைத்தார். அந்த ஒன்பது மில்லி கோணலை மட்டும் எடுத்துவிட்டார். கிழிந்த அளவு ரவிக்கையைப் பார்த்துக் கிழிசலையும் சேர்த்து எந்தத் தையல்காரர் தைப்பார்? நூல் இரண்டு பக்கமும் ஐம்பத்திரண்டரையில் நின்றது. அறுபத்தொன்று என்று எண் குத்தினார். பச்சை பெயின்ட், அந்த அம்மா கேட்டது. உண்மையில் அது அழகான வண்டி. அழகைப் பற்றி நான் அரைப்பக்கம் எழுதி வைத்திருந்தேன், வெட்டிவிட்டேன்.

முதல் நாள் தெருமுனையில் வண்டி சாக்கடை ஓரமாக இழுத்துக்கொண்டு போக, அன்புசெல்வி இறங்கிவிட்டார். புது வண்டி, கை பழகணும் என்றார்கள். இரண்டாம் நாள் பள்ளிக்கூட மதில். மூன்றாம் நாள் கூடையோடு விழுந்தார். மத்தி முழுவதும் ரோட்டில். முழங்கை பிய்ந்து ரத்தம். மீனைப் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே பலராமனின் வேன் ஒலிபெருக்கியோடு தாண்டிப் போயிற்று. பலராமன் கெட்டவர் இல்லை, இறங்கி வந்து நாலு மீன் பொறுக்கிக் கொடுத்தார். அதுதான் அன்புசெல்விக்குத் தாங்கவில்லை.

நேராகப் பட்டறைக்கு வந்தார்.

"உன் வண்டி என்னைப் புடிச்சு இழுக்குது செம்மலு."

"அது நேரா இருக்குதுக்கா. நூல் புடிச்சிருக்கேன். உன் பழசுதான் கோணல். ஒரு வாரத்துல பழகிடும்."

"ஒரு வாரம் நான் விழுந்துகிட்டே இருந்தா என் வாடிக்கையெல்லாம் எவன் பாக்கறது?"

செம்மல் மறுபடியும் நூல் போட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தது. அன்புசெல்வி நூலைப் பார்க்கவில்லை, முழங்கையைப் பார்த்தார்.

5

(இந்தப் பகுதியில் அன்புசெல்வியை லாரியில் அடிபடவைத்துக் கொன்றிருந்தேன். கதைக்குக் கனம் வரும் என்று நினைப்பு. இரண்டு நாள் கழித்துப் படித்தால் வெட்கமாக இருந்தது. ஒரு வேலையாள் தன் வேலையில் செய்த தப்பை இன்னொருத்தர் உயிரை எடுத்துத்தானா காட்ட வேண்டும்? பகுதி எண்ணை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.)

6

ஆதிலட்சுமி முதல் வரைவில் டீ கொண்டுவருவார், அவ்வளவுதான். தையல் கடை என்று எழுதியது கூட வாசலுக்கு ஒரு பொருள் வேண்டுமே என்பதற்காக. ஆனால் ஒரு ஆளைத் தையல் மிஷின் முன்னால் உட்காரவைத்துவிட்டால் அவர் சும்மா இருக்கமாட்டார் போலிருக்கிறது. அன்புசெல்வி போன பிறகு, தைப்பதற்காக அவர் எப்போதோ கொடுத்து வைத்திருந்த பையிலிருந்து ஒரு ரவிக்கையை எடுத்துக்கொண்டு திரையை விலக்கி வந்தார். கருங்கல் மேஜையில், நூலுக்குப் பக்கத்தில், விரித்துப் போட்டார்.

"ஏங்க, இதைப் பாருங்க."

"என்னாது?"

"அன்புக்காவோட அளவு ரவிக்கை."

"அதை நான் ஏன் பாக்கணும்?"

"நூலு போடுவீங்க இல்ல, போடுங்க."

போடத் தேவையே இல்லை. கண்ணுக்கே தெரிந்தது. இடது தோளிலிருந்து கீழ் விளிம்பு வரைக்கும் முக்கால் அங்குலம் குறைவு.

"தப்பா தெச்சிருக்கியே."

"தப்பா தெச்சாத்தான் அவங்களுக்கு ஒழுங்கா உக்காருது. ஆஸ்பத்திரியிலேந்து வந்த பொறவு மொத ரவிக்கை எப்பவும்போலதான் தெச்சுக் குடுத்தேன். ஒரு பக்கம் தூக்கிகிச்சு. அவங்க ஒண்ணும் சொல்லல, தலைப்பை இழுத்து மூடிக்கினாங்க. அடுத்த தடவ நானே கொறச்சிட்டேன். பாவாடையும் அப்படித்தான், ஒரு பக்கம் ஏத்தித்தான் அடிக்கிறேன்."

"அவங்ககிட்ட சொன்னியா?"

"அவங்க கேக்கல. நான் சொல்லல."

செம்மலுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் அப்போதுதான் விளங்கியது, நான்தான் எழுதுகிறேன் என்றாலும். பால் வேன் அடித்த ஒரே அடியில் வண்டியும் வளைந்தது, அந்த அம்மாவின் இடுப்பும் வளைந்தது. இரண்டும் ஒரே பக்கம். வளைந்த உடம்பு வளைந்த வண்டியில் ஏறி உட்கார்ந்து ஒன்பது வருஷம் நேராகப் போயிருக்கிறது. கடையில் வாங்கிய சைக்கிள் ஒத்துவராமல் போனதும் அதனால்தான். செம்மல் இரண்டில் ஒன்றை மட்டும் நிமிர்த்தி, மற்றதைக் கீழே தள்ளிவிட்டார்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அறுபது பேரை அளந்த கை. திரைக்கு அந்தப் பக்கம் தன் மனைவி ஒன்பது வருஷமாகச் செய்துவந்த வேலையைத் தான் பார்க்கவே இல்லையே என்பது அதைவிட வெட்கம். வாயைத் திறந்து அதைச் சொல்லவும் செய்தார். ஆதிலட்சுமி, "சரி விடுங்க, இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

7

சைக்கிள் தெரிந்த வாசகர்கள் இதற்குள் முணுமுணுக்க ஆரம்பித்திருப்பார்கள். சீட்டை நகர்த்தலாமே, கைப்பிடியைத் திருப்பலாமே என்று. செம்மல் இரண்டு நாள் அதைத்தான் செய்தார். கூடை காலியாக இருந்தால் வண்டி போனது. இருபது கிலோ மீனை ஏற்றினால் பழையபடி சாக்கடைக்கு இழுத்தது. பிரேமே அந்த உடம்புக்குத் தக்கபடி இருந்தால்தான் ஆகும் என்று தெரிந்துபோயிற்று.

கோணலாக ஒன்றைச் செய்வது அவருக்குக் கஷ்டம்தான், ஆனால் செய்துவிடலாம். கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது? சிக்கல் அங்கேதான் இருந்தது.

"உள்ளதைச் சொல்லிட வேண்டியதுதான்" என்றார் செம்மல். "அக்கா, வண்டி நல்லாத்தான் இருந்துது, உன் இடுப்புதான் ஒரு பக்கமா நிக்குதுன்னு."

"சொல்லிடாதீங்க."

"ஏன், அது பொய்யா?"

"ஒம்போது வருஷமா எனக்கு ஒண்ணும் ஆவலன்னு சொல்லிகிட்டு இருக்காங்க. அந்த நெனப்புலதான் காலையில எழுந்து கூடையத் தூக்குறாங்க. அதுல போயி கைய வைக்காதீங்க."

"அப்ப எதனால மொத வண்டி ஓடலன்னு கேட்டா?"

பதில் இரண்டு பேருக்குமே தெரியும். அந்த அம்மாவின் உடம்பில் கோணல் இல்லையென்றால் கோணல் அறுபத்தொன்றாம் எண் பிரேமில் இருக்க வேண்டும். செம்மல்தான் தப்பாகச் செய்தார் என்று இருக்க வேண்டும். அதைச் செம்மலே சொல்ல வேண்டும்.

"இருபத்திரண்டு வருஷம் லட்சுமி" என்றார்.

"தெரியும்" என்றார் ஆதிலட்சுமி.

8

அறுபத்திரண்டைச் செய்தார். குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தில் ஒவ்வொரு திருகாணியையும் வேண்டுமென்றே நகர்த்தினார். மூன்று தடவை நகர்த்திவிட்டு மூன்று தடவை பழைய இடத்துக்கே கொண்டுவந்தார், கை தானாகவே போயிற்று. நாலாம் தடவை ஆதிலட்சுமி அருகில் வந்து நின்றார், ரவிக்கையில் எவ்வளவு, பாவாடையில் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே. இவர் அதை மில்லியில் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டார். ஒட்டி ஆறவிட்டு நூல் போட்டால் ஒரு பக்கம் நாற்பத்தொன்பது, மறுபக்கம் ஐம்பத்தாறு. வாசலில் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு நூலைச் சுருட்டினார். எண் குத்துவதா வேண்டாமா என்று ஒரு பகல் முழுவதும் போயிற்று. கடைசியில் குத்தினார்.

அன்புசெல்வி இருபது கிலோவோடு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். திரும்பி வரும்போது ஒரு கையை விட்டுவிட்டுத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் செம்மலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவ்வளவு நன்றாக ஒரு வண்டி ஒரு ஆளுக்குப் பொருந்தி அவர் இதுவரை பார்த்ததில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு அந்த அம்மா கேட்டார்.

"இது ஜம்முனு போவுது. மொத வண்டியில என்னா தப்பு?"

9

இந்தக் கேள்விக்கு நான் இரண்டு பதில் எழுதினேன்.

முதல் பதில். செம்மல் உண்மையைச் சொல்கிறார், மெதுவாக, அக்கா அக்கா என்று நாலு தடவை சொல்லிக்கொண்டே. அன்புசெல்வி கேட்டுக்கொள்கிறார். கோபப்படவில்லை. தையல் கடைக் கண்ணாடி முன்னால் போய் நின்று தலைப்பை எடுத்துவிட்டு இரண்டு தோளையும் பார்க்கிறார். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போகிறார். மறுநாள் காலையில் வருகிறார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. ஓட்டவில்லை. தெருவே தன் இடுப்பைப் பார்க்கிறது என்று நினைத்துக்கொண்டு (இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. எட்டரைக்குத்தான் வந்து சேர்ந்தார்.)

இரண்டாம் பதில்.

"என் தப்புதான்க்கா. மொதல்ல செஞ்சது கோணலாப் போச்சு. கவனிக்காம உட்டுட்டேன்."

அன்புசெல்வி பெருமூச்சு விட்டார். "அதானே பாத்தேன். எனக்குத்தான் உடம்புல என்னமோ ஆயிடுச்சோன்னு பயந்தே போயிட்டேன் செம்மலு. ராப்பகலா அதே நெனப்பு." கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டு சிரித்தார். ஆதிலட்சுமி திரைக்கு அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு மிஷினை மிதித்தார்.

இரண்டாம் பதிலை வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தேன். பதிப்பாளரும் இதோடு நிறுத்து, நன்றாக இருக்கிறது என்றார். நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்புசெல்வி மீன் விற்கிறவர். முப்பது வீட்டு வாசலில் நின்று பேசுகிறவர். புது வண்டியைப் பற்றி முப்பது வீட்டிலும் கேட்பார்கள் அல்லவா? முப்பது வீட்டிலும் சொன்னார். செம்மலு மொதல்ல கோணலா செஞ்சிட்டான், பொறவு அவனே ஒத்துக்கினு வேற செஞ்சு குடுத்தான். பெருமையாகத்தான் சொன்னார். தப்பை ஒத்துக்கொள்கிற ஆளை அவருக்குப் பிடிக்கும்.

10

ஞாயிற்றுக்கிழமை, ஏழே முக்கால் மணி. சந்திரமோகன் வந்திருக்கிறார். சென்னையில் பல் டாக்டர். ஞாயிறுதோறும் ஈசிஆரில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிற கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. அறுபதாம் எண் பிரேம் அவருக்கானது. எட்டு மாதம் காத்திருந்து, பெயின்ட் காய்ந்து, இன்று எடுத்துப்போக வந்திருக்கிறார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த பத்துப் பேர் செம்மலிடம் வருவார்கள். அவர் முகம் சுளித்தால் அந்தப் பத்துப் பேரும் வரமாட்டார்கள். செம்மல் செய்கிற வேலை இப்படிப்பட்ட வாய்களை நம்பித்தான் ஓடுகிறது.

வாசலில் அறுபத்திரண்டை நிறுத்தி, ஆதிலட்சுமிக்கு நெத்திலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த அன்புசெல்வி, சந்திரமோகன் பிரேமைத் தடவித் தடவிப் பார்ப்பதைக் கவனித்தார். நல்லெண்ணத்தில்தான் வாயைத் திறந்தார்.

"நல்லா பாத்து வாங்குங்க சார். எனக்கு மொதல்ல கோணலா செஞ்சுட்டாரு. அந்த வண்டியில விழுந்து எழுந்தேன். நல்ல மனுஷன், ஒரு தடவ கை தவறிடுச்சு."

சந்திரமோகன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பிரேமிலிருந்து கையை எடுத்தார்.

"நிஜமாவா செம்மல்? நீங்க கோணலா செஞ்சீங்களா?"

தையல் மிஷின் நின்றது. அன்புசெல்வியும் கையில் நெத்திலியோடு நிமிர்ந்து செம்மலைப் பார்த்தார். அவர் பதிலுக்காகத்தான் பார்த்தார். நான் பத்துத் தடவை இந்த இடத்தைப் படித்துவிட்டேன். அந்தப் பார்வையில் நம்பிக்கையைத் தவிர வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

'இல்லை' என்று எழுதிப் பார்த்தேன். சந்திரமோகனின் கை மறுபடி பிரேமுக்குப் போயிற்று. அன்புசெல்வி, "அப்ப நான் எதனாலடா விழுந்தேன்?" என்று கேட்டார். அவர் செம்மலை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அடித்துவிட்டேன்.

'ஆமாம்' என்று எழுதிப் பார்த்தேன். சந்திரமோகன் மரியாதையாக, இன்னும் ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்த ஒரு வாரம் வரவே இல்லை. கருங்கல் மேஜையின்மேல் தூசி படிந்தது. அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவதாக, புத்திசாலித்தனமாக, இரண்டுக்கும் நடுவில் ஒன்றைச் சொல்லி செம்மலைத் தப்பிக்கவைக்கவும் முயன்றேன். என்னால் முடிந்தது. அவர் வாயில் அது வரவில்லை. அந்த ஆளுக்கு அப்படிப் பேசத் தெரியாது.

எந்தப் பதிலைச் சொன்னாலும் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. எனக்கு அங்கே பட்டறை இல்லை, முப்பது வீடு இல்லை, முக்கால் அங்குலம் குறைந்த தோளும் இல்லை. அப்படிப்பட்ட ஒருவன் முடிவு சொல்வது சரியில்லை என்று படுகிறது. பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

செம்மல் கந்தல் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. மூன்று பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தெருக்கோடியில் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்கிறது. அன்புசெல்வி கிளம்ப வேண்டும், ஆனால் பதில் தெரியாமல் கிளம்பமாட்டார்.

அங்கே இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். ஒரே ஒரு வார்த்தைதான். அவர் என்ன சொன்னார்?